குழந்தையின் வாய் நாற்றத்துக்கு வயிற்றுக் கிருமிதான் காரணமா?

"ஆறு வயதுப் பையனுக்கு வாய் நாறுகிறது, ஹெச். பைலோரி கிருமியாக இருக்குமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். வயிற்றில் தங்கிப் புண் உண்டாக்கக்கூடிய கிருமி அது. முதலில் பல் டாக்டரிடம் காட்டுங்கள். நான் தலைகீழாகப் போய் அலைந்தவள், அதனால் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. காலையில் பக்கத்தில் வந்து பேசினாலே நாற்றம். "வயித்துல புண்ணு இருக்கும்" என்றார் மாமியார். டாக்டரைக் கேட்காமலே, இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க லேபில் ரத்தம் கொடுத்தோம். பாசிட்டிவ்! அன்றிரவு யாரும் தூங்கவில்லை.

குழந்தை மருத்துவர் அந்தத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரத்தத்தில் தெரிவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள்தானாம்; கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில் இருக்கும். வயிற்றுப் புண் சந்தேகமோ, இரும்புச்சத்து மருந்துக்கும் மசியாத ரத்தசோகையோ இருந்தால்தான் பிள்ளைகளுக்கு இதைத் தேடுவார்கள். "பல்லைப் பார்த்தீங்களாம்மா?" என்றார். பார்க்கவில்லை.

கடைவாய்ப் பால்பற்கள் இரண்டுக்கும் நடுவே சொத்தை. வெளியே தெரியவே இல்லை, எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. சோறு சிக்கி அங்கேயே அழுகியிருக்கிறது. அடைத்து, நாக்கையும் வழிக்கப் பழக்கினோம். இரண்டு வாரத்தில் நாற்றம் போனது.

அதற்காக வயிற்றுக் கிருமிக்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1984இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாளில் வாந்தி, கூடவே வாய் நாற்றம். (2005இல் ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்.) பல்லின் மேல் படியும் அழுக்கிலும் இதன் மரபணுத் தடயம் கிடைத்திருக்கிறது. வாயிலேயே குடியிருக்கிறதா, எதுக்களிப்போடு மேலே வந்து போகிறதா என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை. பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் வீட்டு ஆட்களிடமிருந்தே தொற்றும். சொத்தைக் கிருமியும் எச்சில் வழியாகப் பரவுவதுதான். எங்கள் வீட்டில் மென்று ஊட்டும் பழக்கம் அத்தோடு நின்றது.

ஒருவேளை உங்கள் பையனுக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் பொதுவாக 14 நாள் மருந்து. எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தவிர்ப்பார்கள், முளைத்து வரும் பல்லில் கறை ஏறிவிடும் என்று. மீந்த மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். புளித்த ஏப்பம் அடிக்கடி வந்தால் அதையும் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். அமிலம் மேல் முன்பற்களின் உள்பக்கத்தை அரித்திருக்கிறதா என்று பார்ப்பார்.

மாமியார் மட்டும் இன்னும் வயிறுதான் என்கிறார்.