பாத்திரம் கிடைக்கவில்லை, விலகலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பாடசாலைக் காலத்தில் தமிழ்த்தினப் போட்டி நாடகங்களில் முக்கிய பாத்திரம் எனக்குத்தான். இந்த வருடம் எங்கள் துறை இரண்டு நாடகம் போடுகிறது. முதலில் ஒரு வடமோடிக் கூத்து (பாடி ஆடும் எங்கள் மரபுக் கூத்தில் ஒரு வகை), அப்புறம் ஒரு மொழிபெயர்ப்பு நாடகம். கூத்தில் எனக்குப் பிற்பாட்டும் உடுப்புப் பொறுப்பும்தான். திரௌபதை முதலாம் வருடப் பிள்ளை ஒருத்திக்குப் போய்விட்டது. “பின்னால் நின்று பாடவா கம்பஸ் போனாய்?” என்று அம்மா கேட்கிறார். இதிலிருந்து விலகி அடுத்த நாடகத்துக்குத் தயாராகலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விலக வேண்டாம் தங்கச்சி. உங்கள் மனம் நோவது நியாயம்தான். ஆனால் இப்போது விலகினால் அடுத்த நாடகத்துக்கு உங்களைத் தயார்ப்படுத்தக்கூடிய பயிற்சியைத்தான் விட்டுவிடுவீர்கள்.

கூத்தில் பிற்பாட்டுப் பாடுகிறவர் யார் என்று யோசியுங்கள். பாத்திரம் மேடைக்கு வரும் வரவு ஆட்டத்திலிருந்து கடைசித் தரு, அதாவது கடைசிக் கூத்துப் பாட்டு வரை ஒவ்வொரு பாட்டையும் அவர் திருப்பிப் பாட வேண்டும். திரௌபதைக்குத் தன் பாட்டுகள் தெரிந்தால் போதும். உங்களுக்குத் துரியோதனன் பாட்டும் தெரியும், வீமன் பாட்டும் தெரியும், மத்தளம் எந்த இடத்தில் தாளத்தை மாற்றுகிறது என்பதும் தெரியும். ஊரில் கூத்தாடும் களரிகளில் தன் ஆட்டம் முடிந்தவர் ஒதுங்கிப் போய்விடுவதில்லை, மற்றவருக்குப் பிற்பாட்டுப் பாடுவார். அது தாழ்ந்த வேலை என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

உடுப்புப் பொறுப்பும் அப்படித்தான். வடமோடி அரசனின் கரப்புடுப்பைக் கட்டிவிட்டுப் பாருங்கள். அந்த அகலமும் பாரமும் ஆடுகிறவரின் காலடியை எப்படி மாற்றுகிறது என்பது கைப்பட வேலை செய்தால்தான் பிடிபடும். இதை எந்த விரிவுரையும் சொல்லித் தராது.

எங்கள் பல்கலைக்கழக அரங்கு மாணவர்களால் எழுந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ‘மனமே’ என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். அங்கேயே தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடிய விடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி மாணவர்களை ஆட வைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ வந்தது, பிறகு ‘இராவணேசன்’. அந்த மேடைகளில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் ‘இராவணேசனை’த் தானே நெறியாள்கை செய்தார். தன் பாத்திரத்தை மட்டும் பாடமாக்கிய ஒருவரால் அது முடியுமா? முழுக் கூத்தும் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். 1985இல் யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராகப் போன ‘மண் சுமந்த மேனியர்’ நாடகமும் ஒரு நாயகனையோ நாயகியையோ நம்பி நிற்கவில்லை. சேர்ந்து இயங்கிய பிள்ளைகளின் உடலும் குரலும்தான் அதைத் தாங்கின.

சரி, இனி செய்ய வேண்டியது. நெறியாளரைத் தனியாகச் சந்தியுங்கள். “எனக்கு ஏன் தரவில்லை?” என்று கேட்டால் அவர் சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார். “அடுத்த பாத்திரத் தேர்வுக்குள் நான் எதைத் திருத்த வேண்டும், குரலா, உடலா, உச்சரிப்பா?” என்று கேளுங்கள். பதில் வரும். போட்டி நாடகத்தில் நடுவர்களை நோக்கி உரக்கப் பேசிப் பழகிய பிள்ளைகள் பலருக்கு, எதிரே நிற்கும் நடிகரைக் கேட்டு நடிக்கத் தெரிவதில்லை. உங்களுக்கும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

மொழிபெயர்ப்பு நாடகத்தின் பிரதியை இப்போதே வாங்கி, நீங்கள் விரும்பும் பாத்திரத்தை மட்டும் பார்க்காமல் முழுவதையும் வாசியுங்கள். வசனங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் மொழிபெயர்ப்பு வசனம் நாக்கில் சிக்கும். சிக்குகிற இடங்களைக் குறித்துக்கொண்டு முதல் வாசிப்புக்குப் போங்கள்.

ஆனால் ஒன்று. ஒவ்வொரு வருடமும் அதே சிலருக்கே முக்கிய பாத்திரம் போகிறது, தேர்வே நடக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது சக மாணவர்களோடு சேர்ந்து, தேர்வைத் திறந்து நடத்தும்படி துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். அது முறைப்பாடு இல்லை, உங்கள் உரிமை. அதற்காக அந்த முதலாம் வருடப் பிள்ளையின் மேல் கோபப்படாதீர்கள். அவளுக்கு முதல் மேடை, பயந்துபோய்த்தான் இருப்பாள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். அரங்கேற்றத்துக்கு அழைத்து வந்து, பிற்பாட்டுக்காரர் தெரிகிற பக்கமாக இருத்துங்கள். முடிந்ததும் உடுப்புகளைக் கழற்றி அடுக்கும் இடத்துக்கும் கூட்டிப் போங்கள்.