விதைக்குள்ளேயே வரும் தேமல்: பீன்ஸ், உளுந்து, தட்டைப்பயறு கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேமல் பற்றித்தான், அதாவது இலை திட்டுத் திட்டாக வெளுக்கும் வைரஸ் நோய். "செடி சரியில்லை, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரே வரியில் கேட்டவர்கள் தயவுசெய்து மறுபடி எழுதுங்கள். என்ன பயிர், விதைத்து எத்தனை நாள், விதை யாரிடம் வாங்கியது, இந்த மூன்றும் தெரியாமல் நான் பதில் சொன்னால் அது குருட்டடி.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பீன்ஸ் போட்டிருக்கிறேன் ஐயா. முதல் மூவிலை விரியும்போதே திட்டுத் திட்டாக இருக்கிறது. அசுவினி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிறகு எப்படி வந்தது?

விதையோடு வந்தது. சாறு உறிஞ்சும் அந்தச் சின்னப் பூச்சியான அசுவினி இறங்கும் முன்பே முதல் மூவிலையில் தேமல் இருந்தால் வேறு வழியைத் தேட வேண்டாம். ஒரு இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் பட்டை ஓடும், இடைப்பட்ட இடம் வெளுத்திருக்கும், ஓரம் கீழ்ப்பக்கமாக மடங்கி நடுவில் மேடு தட்டியிருக்கும். அந்தச் செடிகளை இன்றைக்கே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். அசுவினி ஏறிய பிறகு பிடுங்கினால் பாதிப் பலன்கூடக் கிடையாது.

கேள்வி: அசுவினிக்கு வாரம் ஒரு மருந்து அடித்தால் தேமல் நின்றுவிடுமா?

நிற்காது. இந்த வைரஸ் அசுவினியின் ஊசிவாயில் ஒட்டிக்கொள்ளச் சில விநாடி போதும், அடுத்த செடியில் குத்திப் பார்த்தாலே இறங்கிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் நாலு செடியைத் தொட்டிருக்கும்.

கேள்வி: சூடோமோனாஸ், வெந்நீர், பஞ்சகவ்யம், இவற்றில் எதில் விதை நேர்த்தி செய்தால் வைரஸ் போகும்?

விதைக்கும் முன் விதையை எதில் புரட்டினாலும், ஊறவைத்தாலும் போகாது, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவிலும் போகாது. வைரஸ் உட்கார்ந்திருப்பது விதையின் மேல்தோலில் அல்ல, உள்ளே முளைக்கருவில். அதைக் கொல்லும் அளவுக்குச் சூடாக்கினால் முளைப்புத்திறனும் போய்விடும். வேரழுகலுக்காக விதை நேர்த்தி அவசியம் செய்யுங்கள், அது வேறு. ஆனால் "வைரஸ் மருந்து" என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். போன தடவையும் எழுதினேன், அடுத்த தடவையும் எழுதுவேன்.

கேள்வி: தேமல் வந்த செடியின் காயைச் சாப்பிடலாமா?

தாராளமாக. செடி வைரஸ் மனிதனுக்கு வராது.

கேள்வி: பழைய விதை நல்லதாமே? மூன்று வருடம் வைத்திருந்தால் வைரஸ் செத்துவிடும் என்கிறார்கள்.

காய்ந்த பீன்ஸ் விதைக்குள் இது 30 வருடம் வரை உயிரோடு இருந்திருக்கிறது. உங்கள் விதையின் முளைப்புத்தான் முதலில் சாகும்.

கேள்வி: விதைக்கடையில் கேட்டால் நூற்றுக்கு ஒரு விதையில் வைரஸ் இருந்தால் தப்பில்லை என்கிறார்கள். சரிதானா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உளுந்து 30-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1.3 லட்சம் செடி. நூற்றுக்கு ஒன்று என்றால் 1,300 நோய்ச்செடி, அதுவும் ஒரே மூலையில் இல்லை, வயல் முழுக்கப் பரவலாக முளைக்கும். உளுந்தில் இலை நெளிவு நோய் இப்படித்தான் விதை வழியே வருகிறது. இலை பெருத்து, சுருங்கி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், பூ கொத்தாகத் திரண்டு நின்றும் காய் பிடிக்காது. முதல் ஒரு மாதத்துக்குள் பிடுங்கினால் பிழைக்கலாம்.

கேள்வி: உளுந்து மஞ்சளாகிறது. விதையைத்தான் மாற்ற வேண்டுமா?

மஞ்சள் தேமல் வெள்ளை ஈ கொண்டு வருவது. வம்பன் 8 மாதிரி அதைத் தாங்கும் ரகம் போடுங்கள். எல்லாத் தேமலையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு விதைதான், வெளியே வாங்குவதே இல்லை. ஆனாலும் வருடா வருடம் தேமல் கூடுகிறது. ரகம் தளர்ந்துவிட்டதா?

ரகம் தளரவில்லை. நீங்கள் விதை எடுக்கும் விதம் தவறு, இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஆற்றாமைதான் மிச்சம். முதல் பறிப்பு சந்தைக்கு, இரண்டாவது, மூன்றாவது பறிப்பும் சந்தைக்கு, கடைசியில் விலை போகாமல் கொடியில் கிடக்கும் கோணல் காய்தான் விதைக்கு. அந்தக் காய் எந்தச் செடியில் கடைசி வரை கிடக்கிறது? குட்டையாகி, பிந்திப் பூத்த செடியில். அதாவது நோய்ச்செடியாகப் பார்த்துப் பொறுக்கி விதை கட்டுகிறீர்கள். பூக்கும் முன்பே தொற்றிய செடியில், தாங்காத ரகமாக இருந்தால், 100 விதைக்கு 80 வரைகூட வைரஸ் ஏறும். ஒரு வீட்டில் சாம்பல் புரட்டித் தகர டப்பாவில் வைத்திருந்த தட்டைப்பயறு விதையை எனக்கு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார்கள். பளபளவென்று, ஒரு பூச்சித் துளை இல்லை. தட்டில் போட்டு வலை மூடி வளர்த்தேன், நாலில் ஒன்று தேமலோடு வந்தது. அந்த அம்மா அத்தனை பத்திரமாகக் காப்பாற்றி வைத்தது வைரஸையும் சேர்த்துத்தான், அதைப் போய்ச் சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பூ வரும் முன்பே வரிசையாக நடந்து, தேமல் இல்லாத செடியாகப் பார்த்து ஒரு வண்ணத் துணி கட்டிவிடுங்கள். பூத்தபின் ஒரு தடவை, காய் திரளும்போது ஒரு தடவை பாருங்கள், தேமல் தெரிந்தால் துணியை அவிழ்த்துவிடுங்கள். மகரந்தம் வழியாகவும் இது விதைக்குள் போகும், ஆகவே பக்கத்தில் நோய்ச்செடி நிற்கவே கூடாது. துணி கட்டிய செடியின் முதல் காய்கள் விதைக்கு, மிச்சம் சந்தைக்கு. விதைத் திருவிழாவில் நாட்டு ரகம் வாங்கும்போதும் விதையின் நிறத்தை மட்டும் பார்க்காமல், செடியின் இலை எப்படி இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பீன்ஸ் தேமல் விதையில் போகும் என்பது 1919-லேயே அமெரிக்காவில் எழுதப்பட்டாயிற்று. இன்னமும் கடைசிக் காயைத்தான் விதைக்கு விடுகிறோம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணன் பெட்டியில் பீன்ஸ் விதை கொண்டு வருகிறார். போடலாமா?

வேண்டாம், அனுமதி இல்லாமல் கொண்டுவருவது சட்டப்படியும் தவறு. நிலக்கடலையில் வரும் ஒரு வைரஸ், பீன்ஸ் தேமலின் இனம்தான், 1980-களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஆராய்ச்சிக்குப் போன விதை வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் கைக்கே தப்பி வந்த சங்கதி இது.

கேள்வி: நல்ல விதையைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாதா?

முடியாது. முளைக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நைலான் வலைக்குள் தட்டில் போட்டு, மூன்று வாரம் இலையைக் கவனியுங்கள். 100 விதை போட்டு ஒன்றும் காணோம் என்று சந்தோஷப்படாதீர்கள், நூற்றுக்கு ஒன்று இருக்கும் விதையில் மூன்று தடவைக்கு ஒரு தடவை அது கண்ணில் படாமல் போகும். 400 போடுங்கள்.