அடித்து எழுதிய விலை

கேள்வி: தை மாதம் மகள் கல்யாணம். ஆடித் தள்ளுபடியில் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைகள் எடுத்தோம். 2,400 ரூபாயை அடித்து 1,200 என்று போட்டிருந்தார்கள். அதே கடையில் அதே ரகத்தைச் சித்திரையிலேயே 1,200-க்கு எடுத்ததாக என் நாத்தனார் பில்லைக் காட்டுகிறார். 'உன் பேராசைதான்' என்கிறார் என் வீட்டுக்காரர். அப்படியா?
– ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: இல்லவே இல்லை. கல்யாணச் செலவில் நாலு காசு மிச்சம் பிடிக்க நினைப்பதில் என்ன பேராசை? சித்திரையிலும் 1,200, ஆடியிலும் 1,200 என்றால் அந்த 2,400 அடிப்பதற்காகவே எழுதிய விலை. தப்பு எழுதியவர் மேல்தான்.

ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்குப் போகிறது என்பதில் மக்களைத் தவறாக நம்பவைப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நாத்தனாரின் பில்தான் உங்கள் சாட்சி, பத்திரமாக வையுங்கள். இரண்டு பில்லையும் கடையில் காட்டிக் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

போன ஆடியில் ஒரு கடையில் ஹாட்பாக்ஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,490 ரூபாய், 40 சதவீதத் தள்ளுபடி போக 894. ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, நகத்தால் நெம்பினேன். அடியில் கம்பெனி அச்சடித்த எம்.ஆர்.பி. 895! பாக்கெட் பொருளில் விலையைக் குறைக்க மட்டுமே ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் அச்சடித்த விலையை மறைக்கக் கூடாது என்பது விதி. பில் போடும் பையனிடம் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, ஒட்டச் சொன்னவர் வேறு.

எனக்கு வயிறு எரிவது தறிக்காரரை நினைத்துத்தான். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல், இந்த ஊருக்கே உரிய சரக்கு என்ற புவிசார் குறியீடு கிடைத்தது. கூலியும் நூலும் கணக்குப் பார்த்து நியாயமாக 1,200 சொல்பவரிடம் போய், 'தள்ளுபடி எவ்வளவு?' என்று கேட்க நம்மைப் பழக்கிவிட்டார்கள். பர்மா, மலாயா வரை தொழிலுக்குப் போய்ப் பேரேட்டில் பைசா பிசகாமல் எழுதிய நகரத்தார் ஊரில் இது நடக்கிறது.

இன்னும் எவர்சில்வர், மிக்ஸி என்று கல்யாணத்தில் சீர் சாமான் பரப்பிவைக்க வாங்க வேண்டியிருக்குமே? தீபாவளித் தள்ளுபடி போர்டு ஏறுமுன் புரட்டாசியிலேயே ஒருநடை போய், விலைச்சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.