மாதுளை கேப்சூல் ரத்தக்குழாயைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: என் வயது 54. பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பிரஷர் பெரும்பாலும் 138/86 என்று இருக்கிறது. மாதுளைச் சாறும் திராட்சை விதைச் சாறும் சேர்ந்த கேப்சூல் ஒன்றை நண்பர் வாங்கித் தந்தார். ரத்தக்குழாய் அடைப்பை அது சுத்தம் செய்துவிடும் என்கிறார், தனக்கு நன்றாகக் கேட்டதாகவும் சொல்கிறார். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தாவரச் சத்துகள் வேலை செய்யக் குடல் பாக்டீரியா வேண்டும் என்று படித்தேன். அது உண்மையா? கேப்சூலைத் தொடர்ந்தால் மாத்திரையை நிறுத்தலாமா? தினமும் இரண்டு வேளை கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாய் கொப்பளிக்கிறேன். அதனால் பிரஷர் ஏறும் என்கிறார்களே?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் பேசலாம், இது மட்டும் இன்றே மனதில் இருக்கட்டும்.

அடைப்பைச் சுத்தம் செய்வது என்ற பேச்சே சரியில்லை. கொழுப்பு ரத்தக்குழாயின் உள்பரப்பில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. உள்பரப்பைத் தாண்டி, சுவருக்குள்ளேயே போய்ச் சேருகிறது. அதைக் கழுவி வெளியேற்றும் கேப்சூல் எதுவும் கிடையாது. ஆனால் அந்த உள்பரப்பை நல்ல நிலையில் வைத்திருக்க உணவால் முடியும். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

ரத்தக்குழாயின் உள்ளே ஒரே ஒரு அடுக்காகச் செல்கள் பரவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று பெயர். இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது பட்டதும் குழாயின் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, ரத்தம் எளிதாக ஓடுகிறது. இதைக் கண்டறிந்ததற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 1998இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வயது, புகை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து இந்தச் சுரப்பைக் குறைத்துவிடுகின்றன.

இனி, அந்த உள்பரப்புக்கு உதவும் தாவரச் சத்துக்கு வருவோம். பழம், கீரை, பருப்பு, தேயிலை, கோகோ இவற்றில் பாலிஃபீனால் என்ற பொருட்கள் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் நாம் விழுங்கும் பாலிஃபீனாலில் சிறுகுடல் உறிஞ்சுவது சுமார் 5 முதல் 10 சதவீதம்தான். மீதி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக்கிய பிறகுதான் பெரும்பகுதி ரத்தத்துக்குள் வருகிறது. ஆகவே நீங்கள் படித்தது உண்மை.

உங்கள் மாதுளையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் எலாஜிடானின் குடலில் எலாஜிக் அமிலமாகிறது. அதை யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுவது பாக்டீரியாவின் வேலை. சிலருக்கு யூரோலித்தின் நிறைய உண்டாகிறது, சிலருக்கு வேறு வகை உண்டாகிறது, சிலருக்குச் சுத்தமாக உண்டாவதே இல்லை. சோயாவிலும் இதே கதைதான். அதிலிருந்து ஈக்வால் என்ற பொருளை உண்டாக்கும் பாக்டீரியா மேலை நாட்டினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இருக்கிறது, ஜப்பானியரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. ஒரே கேப்சூலை இருவர் விழுங்கினாலும் இருவர் ரத்தத்திலும் ஒரே பொருள் ஓடும் என்று சொல்ல முடியாது. அப்புறம், ரத்தக்குழாய் நன்றாக இருப்பதை யாராலும் உடம்பில் உணர முடியாது. அதனால் நண்பர் "கேட்டது" என்று சொல்வதையும், நீங்கள் "தெரியவில்லை" என்று சொல்வதையும் நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

சரி, பாலிஃபீனாலால் மாரடைப்பு குறையுமா? கோகோவை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அதன் பெயர் காஸ்மாஸ், முடிவு 2022இல் வெளியானது. 21,000க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃப்ளவனால் (ஒரு வகை பாலிஃபீனால்), மறு பாதிக்குப் போலி மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதய நோய் மரணம் மட்டும் 27 சதவீதம் குறைவாக இருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் மாத்திரையின் இடத்தில் வைக்கும் அளவுக்கு இது போதாது.

பாக்டீரியா எப்போதும் நல்லதையே செய்யும் என்றும் எண்ண வேண்டாம். சிவப்பு இறைச்சியில் உள்ள கார்னிடினை அவை டிஎம்ஏ என்ற பொருளாக்கும், கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்கும். ரத்தத்தில் இது அதிகமாக உள்ளவர்களுக்கு இதய நோயும் அதிகமாகக் காணப்படுகிறது. நீண்ட காலமாகச் சைவம் சாப்பிடுபவர்களுக்கு அதே கார்னிடினைக் கொடுத்தாலும் டிஎம்ஏஓ மிகக் குறைவாகவே உண்டானது. தினமும் எதைச் சாப்பிடுகிறோமோ அதற்கேற்ற பாக்டீரியாதான் குடலில் பெருகும்.

மவுத்வாஷ் விஷயத்தை மறந்துவிடாமல் கேட்டதற்கு நன்றி, பலரும் இதைக் கவனிப்பதில்லை. கீரையிலும் பீட்ரூட்டிலும் நைட்ரேட் இருக்கிறது. சாப்பிட்டதும் அது ரத்தத்துக்குப் போய், அதில் ஒரு பங்கு உமிழ்நீர் வழியாக மறுபடி வாய்க்கே வருகிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதை விழுங்கிய பிறகு உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. 2008இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஆரோக்கியமானவர்கள் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தபோது மேல் அழுத்தம் சுமார் 10 புள்ளி இறங்கியது. உமிழ்நீரை விழுங்காமல் துப்பச் சொன்னபோது அந்த இறக்கமே இல்லை! இன்னொரு ஆய்வில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி உள்ள மவுத்வாஷை ஒரு வாரம் பயன்படுத்தியவர்களுக்கு அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி ஏறியது. உங்கள் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் இருந்து, அதைப் பல் மருத்துவர் ஈறு நோய்க்குக் கொடுத்திருந்தால் அவர் சொன்ன நாள் வரை பயன்படுத்துங்கள். நீங்களாக வாங்கியது என்றால் விட்டுவிடலாம். பல் துலக்குவதை மட்டும் குறைக்காதீர்கள், ஈறு வீக்கமும் ரத்தக்குழாய்க்கு நல்லதல்ல.

கேப்சூலுக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு முழு மாதுளையாகச் சாப்பிடுங்கள். கீரை, பருப்பு வகை, முழுத் தானியம், கொட்டை, வெவ்வேறு நிறத்துப் பழங்கள் என்று மாற்றி மாற்றி வையுங்கள். இவற்றில் உள்ள நார்ச்சத்தைப் பாக்டீரியா நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும், அவை குடல் சுவருக்கு நல்லது. இதுவரை நார்ச்சத்து குறைவாகச் சாப்பிட்டிருந்தால் மெதுவாகக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று மாற்றக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த உணவுகளால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிடும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு பீட்ரூட்டில் உள்ள ஆக்சலேட் ஆகாது. இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கிரேப்ஃப்ரூட் பழம் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்துப் பழம்) சில கொழுப்பு மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதையும் கேட்டு வையுங்கள்.

138/86 மாத்திரை சாப்பிட்டும் சற்று அதிகம்தான். 130/80க்குக் கீழே வருவது நல்லது. மவுத்வாஷை விட்ட பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் அளந்து எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு கேப்சூல் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.