தேயிலைப் பச்சை ஏன் வெளிறுகிறது?

கேள்வி: டாவின்சி ரிசால்வில் கலர் செய்த கலியாண வீடியோவை, டைட்டில் போட பிரீமியருக்குக் கொண்டுபோனால் தோட்டத்துப் பச்சை வெளிறிவிடுகிறது. என்ன பிழை?
– வாசகர், ஹட்டன்

பதில்: பனிமூட்டக் காட்சியை வைத்துச் சோதிக்காதீர்கள், அது பிறவியிலேயே வெளிறியது. தொடக்கத்தில் கறுப்பு, 50% சாம்பல், வெள்ளைப் பட்டைகளை 2 செக்கனுக்கு ஒட்டி, 10 பிட் புரோரெஸ் 422 எச்கியூ என்ற உயர்தர வீடியோ வகையில் ஃபைலாக எடுங்கள். இரண்டு மென்பொருளிலும் வேவ்ஃபோர்மை, அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள்.

கறுப்பு மேலேறி வெள்ளை கீழிறங்கியிருந்தால் லெவல்ஸ், அதாவது கறுப்பு–வெள்ளை எல்லைக் கோளாறு: 64–940 என்ற வீடியோ அளவிலான படத்தை 0–1023 என்ற முழு அளவாக வாசிக்கிறது. ரிசால்வில் ஃபைல் எடுக்கும் டெலிவர் பக்கத்து டேட்டா லெவல்ஸும் பிரீமியர் வாசிக்கும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று பட்டையும் ஒத்திருந்து திரையில் மட்டும் வெளிறினால் ஃபைலில் குறையில்லை. திரையின் காமா, அதாவது இடைப்பட்ட வெளிச்சத்தைக் காட்டும் விதம், வேறு. மெக் கணினியில் இது அடிக்கடி நடக்கும். பிரீமியரில் டிஸ்ப்ளே கலர் மேனேஜ்மென்டைப் போட்டு, வியூவர் காமாவை 2.4 ஆக்குங்கள். அதற்குமுன் பச்சையைக் கூட்டினீர்களோ, டீவியில் கொழுந்து கருகித் தெரியும்.