வயலை அடமானம் வைக்க வேண்டாம், அண்ணாச்சி

போன சனிக்கிழமை சேரன்மகாதேவியிலிருந்து மூன்று பேரும் வந்திருந்தீர்கள். மதினி கண் கலங்கியதைப் பார்த்து, "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பஸ் ஏறப் போன பிறகுதான் அது போதாது என்று பட்டது. சொல்ல வேண்டியதை இப்போது எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பேசியதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் பற்றித்தான். ஹாஸ்டலோடு சேர்த்து எட்டு லட்சம் ஆகும், அதற்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலை அடமானம் வைக்கலாம், பெங்களூர் அத்தான் "இதை விட்டால் வேறென்ன படிப்பு" என்கிறார். உங்கள் மகன், நம்ம தம்பி, அந்த ஒரு மணி நேரத்தில் வாய் திறந்தது ஒரே தடவை. விரலில் இருந்த சூட்டுத் தழும்பைப் பற்றி நான் கேட்டபோது.

சித்தப்பா பைக்கின் மீட்டர் விட்டுவிட்டு வேலை செய்ததாம். கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் கனெக்டர் பின்னைச் சுற்றி முடி போல ஒரு வட்ட விரிசல். பின்னைப் போர்டோடு ஒட்டவைத்திருந்த பழைய ஈயத்தை, அதாவது சால்டரை, உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்திருக்கிறான். "பழசு மேலேயே வைத்திருக்கலாமே?" என்றேன். "அடியில அழுக்கு இருந்தா பிடிக்காது சார். பார்க்க நல்லா இருக்கும், ஒட்டியிருக்காது" என்றான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். இந்தப் பையனைக் கடன் வாங்கிக் கோடிங் படிக்க வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. அதற்குப் பிறகு வந்த பைக்குகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து விட ஒரு கம்ப்யூட்டர் போர்டும் சென்சார்களும் வந்துவிட்டன. பழுது என்றால் போர்டையே மாற்று, ஒயரிங் செட்டையே மாற்று என்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. பழுதோ பல நேரம் ஒரு பச்சை பிடித்த பின்னிலோ, விட்டுப்போன ஒரு சால்டரிலோதான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்த கை நம் பக்கத்தில் குறைவு.

பார்க்க எளிதான வேலை போலத் தெரியும். அப்படி இல்லை. 63/37 கலவை ஈயம், அதாவது வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்தது, 183 டிகிரியில் உருகும். சூடு வைக்கும் சால்டரிங் அயர்ன் முனையை 350 டிகிரி வாக்கில் வைத்து, பின்னையும் போர்டையும் சேர்த்துச் சூடாக்கி, இரண்டு மூன்று விநாடிக்குள் வேலையை முடித்துக் கையை எடுக்க வேண்டும். ஈயத்தை அயர்னில் உருக்கிக் கொண்டுவந்து அப்பினால் அது நிற்காது. எடுப்பது இன்னும் கஷ்டம். பழைய ஈயத்தோடு முதலில் கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்த்து இளக வைத்து, அப்புறம்தான் பம்பிலோ செம்புப் பின்னலிலோ உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டுப் பின்னை இழுத்தால் அடியில் இருக்கும் செம்புத் தடம் உரிந்துவிடும், போர்டு போச்சு. அதனால் முதல் மூன்று மாதம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய போர்டுகளில் மட்டுமே கை வைக்கட்டும். வாடிக்கையாளர் வண்டியைத் தொடவே கூடாது.

ஒயர் விஷயம் வேறு. பல இழை ஒயருக்குச் சால்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி அந்த இடம் கம்பி போல விறைத்துவிடும். வண்டி அதிர அதிர, விறைப்பு முடிகிற இடத்தில் ஒடியும். கம்பெனியில் பெரும்பாலும் கிரிம்ப் என்கிற, நசுக்கிப் பிடிக்கும் டெர்மினல் போடுவது இதனால்தான். எங்கே சால்டர், எங்கே கிரிம்ப் என்று தெரிந்தவனே ஆட்டோ எலக்ட்ரீஷியன். சால்டர் வைத்தே ஆக வேண்டிய இடத்தில் உள்ளே பசை தடவிய சுருங்கும் ஸ்லீவ் போட்டு, ஒயர் ஆடாமல் கட்டிவிட வேண்டும். குழாய் வேலைக்கு வைத்திருக்கும் ஆசிட் பேஸ்ட் பக்கமே போகக் கூடாது, உள்ளே அரித்துவிடும். ஏர்பேக் ஒயரில் சால்டர் வைக்கிற பேச்சே கிடையாது.

இதை முறையாகப் படிக்க ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்று இரண்டு வருஷப் பிரிவு இருக்கிறது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பியுங்கள். முடித்தபின் மேலே படிக்க ஆசைப்பட்டால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். சாயங்காலம் வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் ஒரு செல்ஃப்-டைனமோ கடையில் விடுங்கள். ஆனால் கடையைப் பார்த்து விடுங்கள். டீ வாங்கவும் கடை பெருக்கவும் மட்டும் பையனை வைத்துக்கொள்ளும் கடை வேண்டாம்.

செலவு என்று பார்த்தால் சூடு கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன் ஒன்று, நல்ல மல்டிமீட்டர் ஒன்று, லென்ஸ், பம்ப். இவ்வளவுக்கும் வயல் பத்திரத்தை எடுக்க வேண்டியதில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: வீட்டில் சால்டர் வைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், புகையை வெளியே தள்ள ஒரு சின்ன ஃபேன் வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது. அந்த ஈயத்தில் காரீயம் இருக்கிறது, புகை மூச்சுக்கும் ஆகாது.

"மெக்கானிக்குக்கு யார் பொண்ணு கொடுப்பா?" என்று மதினி கேட்டார்கள். எட்டு லட்சம் கடனோடு, பிடிக்காத வேலையைத் தேடி சென்னையில் அலைகிற பையனை நான் நிறைய பார்த்துவிட்டேன். அந்த வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சே எழவில்லை, மதினி. அத்தான் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐக்கு நேரில் போய்ச் சேர்க்கை விவரம் கேளுங்கள். தம்பியையும் கூட்டிப் போங்கள். எந்தப் பிரிவு என்று அங்கே கேட்கும்போது நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருங்கள், அவன் சொல்லட்டும்.