அமெரிக்கக் கவுண்டிகளில் விவசாய மானியம் உண்மையில் யாரைச் சேர்கிறது?

அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) ஒன்றுக்கு ஆண்டுதோறும் வரும் விவசாய மானியம், உழுது விதைப்பவரின் கைக்குத்தான் போகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அயோவா மாநிலத்தில் பண்ணைக் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். நான் பார்த்தவரை, அந்தப் பணத்தில் பெரும்பகுதி நிலத்தைத் தேடித்தான் போகிறது.

இதற்குக் காரணம் 'பேஸ் ஏக்கர்' என்னும் ஏற்பாடு. ஒரு பண்ணையில் முற்காலத்தில் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் விளைந்தது என்ற பழைய பதிவுதான் அது. இந்த ஆண்டு அங்கே சோயா விதைத்திருந்தாலும், பதிவில் மக்காச்சோளம் என்றிருந்தால் மக்காச்சோளத்துக்கான தொகையே கணக்கிடப்படும். 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு, அதாவது ஏறத்தாழ 25 கிலோவுக்கு, 3.70 டாலர் என்று ஆதார விலை வைத்தது. 2016ஆம் ஆண்டு விளைச்சலுக்குச் சந்தைச் சராசரி 3.36 டாலர்தான் கிடைத்தது. சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தரும் விலைத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு, ஏக்கருக்கு 150 புஷல் என்ற பதிவுள்ள 100 பேஸ் ஏக்கருக்கு, அந்த 34 சென்ட் வித்தியாசத்தை 85 சதவீத ஏக்கருக்குக் கணக்கிட்டால் 4,335 டாலர் வருகிறது. அந்தப் பணமும் மறு ஆண்டு அக்டோபரில்தான் கைக்கு வரும்; விதைக் கடனும் உரக் கடனும் அதுவரை காத்திருப்பதில்லை.

விளைச்சலில் பங்கு பெறும் வாரமுறையில் விட்ட நிலமென்றால் உரிமையாளரும் பயிரிடுபவரும் மானியத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ரொக்கக் குத்தகையில், சட்டப்படி அது முழுவதும் பயிரிடுபவருக்கே உரியது. ஆனால் மானியம் வரும் நிலம் என்று தெரிந்ததும் அடுத்த ஒப்பந்தத்தில் குத்தகை ஏறிவிடுகிறது. சொந்த நிலமில்லாத இளம் விவசாயிகளின் கணக்கில், 'அரசுத் திட்ட வரவு' என்ற வரியில் எழுதிய தொகையின் பெரும்பங்கு, சற்றுக் கீழே குத்தகைச் செலவாக வெளியேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

உச்சவரம்பு இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒருவருக்கு 1,25,000 டாலர் என்று இருந்தது. ஆனால் கூட்டுப் பங்காண்மையாகப் பதிவு செய்த பண்ணையில் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி வரம்பு உண்டு. 2018ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பிறந்தாரின் பிள்ளைகளையும், பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகளையும் இப்படித் தனி வரம்பு பெறக்கூடிய குடும்பத்தினர் வட்டத்தில் சேர்த்துக்கொண்டது. பெரிய பண்ணை வரம்பைத் தாண்டிச் செல்ல இதுவே வழி; இதில் சட்டமீறல் ஏதுமில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சீனாவுடனான வணிகப் போரின்போது வந்த இழப்பீட்டையும் சொல்ல வேண்டும். 2018இல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலரும், மக்காச்சோளத்துக்கு வெறும் ஒரு சென்ட்டும் கொடுத்தார்கள். 2019இல் முறையை மாற்றி, கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும் வகையில் ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை நிர்ணயித்தார்கள். எல்லைச் சாலையின் இருபுறமும் ஒரே மண்ணில் ஒரே பயிர் விளைந்தாலும், இரு தொகைகள் கிடைக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

உங்கள் கவுண்டியின் மானியப் பட்டியலைப் பார்ப்பதாக இருந்தால், பயிர்க் காப்பீட்டுக் கட்டணத்தில் அரசு ஏற்கும் பங்கு, சராசரியாகப் பாதிக்கும் மேல், அதில் பெயர்வாரியாக இராது என்பதை நினைவில் வையுங்கள். அந்தத் தனிநபர் விவரங்களை வெளியிடச் சட்டம் இடம் தருவதில்லை. அந்தப் பங்குக்குத் தலைக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பும் கிடையாது.